ஒரு மணிக்கு ஓர் அங்குலம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெர்லின் ஸ்டாங்லண்ட் தன் புத்தம்புது வெள்ளைக் கழிப்பறைப் பீங்கான்மேல் உட்கார்ந்து, எதிரே தரையில் இருந்த குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பீங்கான் வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்கு முப்பது அடி தள்ளி, வெட்டவெளியில், மேற்கே பார்த்தபடி இருந்தது. மூடி மூடியிருந்தது, அவன் பேண்டும் போட்டிருந்தான் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. சரளைச் சாலையில் போன மூன்று வண்டிக்காரர்களும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு வேகத்தைக் குறைக்காமல் போனார்கள். டகோட்டாவின் மேற்குப் பக்கத்தில் ஒருவன் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவன் சொந்த விஷயம்.

குழி இரண்டடி ஆழம், அரையடி அகலம். அதில் தண்ணீர் இருந்தது. பால் அதிகமாகிப்போன காபியின் நிறத்தில், ஆடாமல் அசையாமல் இருந்தது. நேற்று ராத்திரி பார்த்தபோது எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

"இறங்கு," என்றான் வெர்லின்.

தண்ணீருக்கு அவசரம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

கவுண்டி ஆபீஸின், அதாவது மாவட்ட ஆபீஸின், விதி சுலபமானது. வீட்டின் கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் கசிய வேண்டும். மண் கசிய விடுகிறதா என்று பார்க்கக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்கினால் பாஸ். பாஸானால்தான் குழாயை இணைக்கலாம். குழாயை இணைத்தால்தான் ரொண்டா திரும்பி வருவாள்.

ரொண்டா அவன் மனைவி. கல்யாணமாகிப் பதினெட்டு மாதம். அதில் கடைசி ஆறு மாதம் அவள் முப்பத்தெட்டு மைல் தள்ளி டவுனில், இரும்புக்கடை மாடியில், தன் அம்மாவோடு இருக்கிறாள். சண்டை ஒன்றுமில்லை. மார்ச் மாதம் ஒரு பனிப்புயலில், தகரக் கொட்டகைக் கழிப்பறையின் கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்குப் போயிற்று. ரொண்டா அப்போது உள்ளே இருந்தாள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நான் உன்னை விட்டுட்டுப் போகல வெர்லின். அந்தக் கொட்டாயை விட்டுட்டுப் போறேன்."

ஜூன் மாதம் புது வீடு இரண்டு பாதியாக லாரியில் வந்து சேர்ந்து ஒட்டிக்கொண்டது. கரண்ட் வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் போவதற்குத்தான் வழியில்லை. இதற்கிடையில் ரொண்டாவுக்கு ராப்பிட் சிட்டியில் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை கிடைத்தது, குடியிருக்க ஒரு ஃப்ளாட்டும் கிடைத்தது. ஒரு வருஷ ஒப்பந்தம். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையெழுத்து.

"அஞ்சு மணிக்குள்ள பாஸாயிடுச்சுன்னு போன் பண்ணு, நான் பேனாவை மூடிடறேன்," என்று சொல்லியிருந்தாள். "இல்லேன்னா ஒரு வருஷம் நீயும் அந்த மண்ணும் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிடங்க."

அந்த மண்ணுக்குக் கம்போ என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் மரியாதையாகப் பேசும்போது சொல்லும் பெயர் அது. மற்ற நேரங்களில் சொல்லும் பெயர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் எழுத முடியாதவை. மேலே ஒரு சாண் சாம்பல் மண். அதன் கீழே சோடியம் ஏறிய களி. வெர்லின் குழி தோண்டும்போது அந்தக் களி தூண் தூணாக, தலை உருண்ட ரொட்டிகளை நெருக்கி அடுக்கியதுபோல வந்தது. காய்ந்திருந்தபோது கடப்பாரை பட்டு மணி அடித்தது. நனைந்தபோது கடப்பாரையைத் திருப்பித் தர மறுத்தது. நிலத்தில் அங்கங்கே சொட்டை விழுந்த மாதிரி புல் முளைக்காத திட்டுகள். வெயில் காலத்தில் அவற்றின்மேல் உப்பு பூக்கும். இந்த மண் செய்த ஒரே உருப்படியான காரியம், வெர்லினின் அப்பா ஐம்பத்தெட்டாம் வருஷம் மாடுகளுக்காகக் கரை கட்டிய குட்டை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சொட்டு கசிந்ததில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வெர்லின் அதைப் பெருமையாகச் சொல்வான். அந்தப் பெருமையையும் இந்தக் குழியையும் அவன் ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஏழு வாரம் மழையில்லாமல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் அவனுடைய ஸ்பேனர் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. சோதனைக்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்று குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினான். நான்கே நிமிஷத்தில் காணோம். இன்னொரு வாளி, அதுவும் காணோம். வெர்லின் வீட்டுக்குள் ஓடி ரொண்டாவுக்குப் போன் செய்து, "குடிக்குதுடி! ஒட்டகம் மாதிரி குடிக்குது!" என்று கத்தினான்.

பக்கத்துப் பண்ணை பால்மர் ரூட் மட்டும் அப்போதே தலையை ஆட்டினார். கல்யாணம் செய்துகொள்ளாத எழுபது வயது மனிதர். மார்ச் மாதத்தில் பறந்துபோன கதவு அவர் பண்ணையில்தான் விழுந்தது. இன்னும் திருப்பித் தரவில்லை.

"அது குடிக்கல தம்பி," என்றார். "வெடிப்புல ஒழுகிப் போகுது. முதல் வாளிக்கு மட்டும்தான் கம்போ வாயைத் தொறக்கும். நல்லா நனைஞ்சிடுச்சுன்னா ஊதிப்போய் மூடிக்கும். அப்புறம் நீ கெஞ்சினாலும் தொறக்காது. பேசாம இன்ஸ்பெக்டர் அம்மா வர்ற அன்னிக்கிக் காஞ்ச குழியைக் காட்டு."

"சோதனைக்கு முன்னாடி ஊற வெக்கணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு, பால்மர்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"அப்ப நாலு நிமிஷம் ஊற வெச்சிட்டு நாலு மணின்னு சொல்லு."

வெர்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்டாங்லண்ட் வம்சம் லூத்தரன் சர்ச்சில் நான்கு தலைமுறையாகப் பின்வரிசையில் உட்கார்ந்து வருகிற வம்சம். விதியைக் குறைத்துச் செய்வது அவர்கள் ரத்தத்திலேயே கிடையாது. நாலு என்று போட்டிருந்தால் எட்டு செய்வார்கள், அதையும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். எனவே வெர்லின் ஆயிரம் கேலன் தண்ணீர் டேங்கரை இரவல் வாங்கி, புதன்கிழமை காலையிலிருந்து வியாழன் ராத்திரிவரை, இரண்டு முழு நாள் குழியை ஊற வைத்தான். குழியை மட்டுமல்ல, அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஊற வேண்டும் என்று சுற்றிலும் பத்தடிக்கு ஊற வைத்தான். உட்காரப் பீங்கானைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். ஊர் முழுக்க ஒரு வெடிப்புகூட இல்லாத இடம் இப்போது அது ஒன்றுதான்.

பத்து மணிக்கு ஐலீன் ப்ராஸ்கா வந்து சேர்ந்தார். கவுண்டியின் சுகாதார இன்ஸ்பெக்டர். மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கும் ஆற்றுக்குக் கிழக்கே, கறுப்பு மண் பூமியில் பிறந்து வளர்ந்தவர். இந்தப் பக்கம் வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. கையில் ஃபைல், அளவுகோல், மடக்கு நாற்காலி. காலில் நல்ல தோல் ஷூ. காரை நேராக வீட்டு வாசல்வரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பின்னாலேயே வந்த பால்மர் தன் வண்டியைச் சரளைச் சாலையோரம், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இருநூறடி நடந்து வந்தார். மேற்கே உள்ளங்கையளவு மேகம் இருந்தது.

"நீங்கதான் ஸ்டாங்லண்டா? குழியை ஊற வெச்சீங்களா?"

"ரெண்டு நாள் மேடம்."

ஐலீன் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "நாலு மணி நேரம் போதுமே."

"தெரியும் மேடம்."

பால்மர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

பத்தரைக்கு ஐலீன் குழிக்குள் அளவுகோலை நிறுத்தினார். ஆறு அங்குலம். பதினொன்றுக்குக் குனிந்து பார்த்தார். ஆறு அங்குலம். எழுதிக்கொண்டார். வெர்லின் பீங்கானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே முறைத்தான்.

"கொஞ்சம் இறங்கின மாதிரி இல்ல?"

"இல்ல."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும் அதே தண்ணிதான் மிஸ்டர் ஸ்டாங்லண்ட்."

ஐலீன் ஆபீஸுக்குப் போன் பேச வீட்டுக்குள் போனார். கதவு சாத்தியதுதான் தாமதம், பால்மர் எழுந்தார்.

"தம்பி, கடப்பாரை எங்க?"

"எதுக்கு?"

"அடியில ஒரு ஓட்டை. அவ்வளவுதான். கீழ எங்கயாவது ஒரு வெடிப்பு மிச்சம் இருக்கும்."

"தப்பு பால்மர்."

"சரி, தப்புதான். கடப்பாரை எங்க?"

 வெர்லினின் கண் தானாகக் கொட்டகைப் பக்கம் போயிற்று. பின்வரிசை லூத்தரனால் அதிகபட்சம் செய்யக்கூடிய பாவம் அது. பால்மர் கடப்பாரையைக் கொண்டுவந்து, குழியின் நடுவில் வைத்து, எழுபது வயதின் மொத்த பலத்தையும் போட்டு இறக்கினார். வெண்ணெயில் இறங்குவதுபோல ஓரடி இறங்கியது.

"பாத்தியா," என்று சிரித்து இழுத்தார். வரவில்லை. வெர்லின் இழுத்தான். வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து, முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து இழுத்தார்கள். அடியில் எதுவோ பெரிதாக முத்தம் கொடுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, கடப்பாரை வரவில்லை. வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பால்மர் சட்டென்று நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். வெர்லின் பீங்கானில் உட்கார்ந்தான். குழியின் நடுவில் ஐந்தடிக் கடப்பாரை கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

ஐலீன் வந்தார். கடப்பாரையைப் பார்த்தார். இரண்டு பேரையும் பார்த்தார். மண்டியிட்டு, கடப்பாரையைச் சுற்றி அளவுகோலை நீட்டி, பதினொன்றரை ஆகும்வரை காத்திருந்து, படித்தார்.

"ஆறே கால்."

"என்னது?" என்றான் வெர்லின்.

"ஒரு மணி நேரத்துல கால் இஞ்ச் ஏறியிருக்கு." ஃபாரத்தைப் புரட்டினார். "ஏறினா எழுத இதுல கட்டம் இல்லையே."

"கடப்பாரை இடத்தை அடைச்சதால மேடம்—"

"எந்தக் கடப்பாரை?" என்றார் பால்மர்.

"பால்மர்!"

"நான் எதையும் தொடலம்மா. சர்ச்சுல வேணா வந்து சத்தியம் பண்றேன். நான் பாட்டுக்கு அங்க நின்னுக்கிட்டு—" என்று ஆரம்பித்தவர், கன்னத்தில் ஒரு சொட்டு மழை விழுந்ததும் பாதி வாக்கியத்தில் திரும்பி, விடைபெறாமல், தபால் பெட்டியை நோக்கி நடையைக் கட்டினார். எழுபது வயதுக்கு அது ஓட்டம். கம்போ பூமியில் மழைக்கு முன்னால் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதை யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை.

"மேடம், கிளம்புங்க," என்றான் வெர்லின். "இப்பவே. ஓடுங்க."

"ஃபாரத்தை இடத்துலயே பூர்த்தி பண்ணிக் கையெழுத்துப் போடணும். அதான் விதி."

"கார்ல உக்காந்து, ரோட்டுக்குப் போய்ப் போடுங்க மேடம். நான் பின்னாலயே நடந்து வரேன். ஃபெயில்னு வேணா போட்டுக்கோங்க!"

"தூறல்தானே," என்றார் ஆற்றுக்குக் கிழக்கே பிறந்த ஐலீன். பேனா மூடியைத் திறந்து, அழகான கையெழுத்தில், எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். எட்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு காரைக் கிளப்பினார். கார் பன்னிரண்டு அடி போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் சக்கரம் ஒரு சுற்றுக் களியைச் சுருட்டிக்கொண்டு தடித்தது. பன்னிரண்டாவது அடியில் நான்கு சக்கரங்களும் மட்கார்டு நிறைய மண்ணோடு சுற்றுவதை நிறுத்திவிட்டன. எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஐலீன் கண்ணாடியை இறக்கினார். "டிராக்டர் இருக்கா?"

"இருக்கு மேடம். இப்ப இறக்கினா அதுவும் உங்க பக்கத்துல வந்து நிக்கும்."

"அப்ப எப்ப போறது?"

"காஞ்சா போகலாம். இல்ல, தரை உறைஞ்சா போகலாம்."

"இது செப்டம்பர்."

"ஆமா மேடம்."

மழை விடவில்லை. ஐலீன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெர்லின் போட்ட வெளிறிய காபியைக் குடித்தார். வெர்லின் ஜன்னலோரம் நின்றான். வெளியே பீங்கான் நனைந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்றைக் காட்டியது, இரண்டைக் காட்டியது. அந்த வீட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரே விஷயம் நேரம்தான். மேஜைமேல் கிடந்த ஃபாரத்தில் 'தோல்வி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'இறக்கம்' என்ற கட்டத்தில், கழித்தல் குறி போட்டுக் கால் என்று எழுதியிருந்தது. வெர்லின் பள்ளிக்கூடத்தில்கூடக் கழித்தலில் மார்க் வாங்கியதில்லை.

"இந்த மண்ணுக்கு என்னதான் வேணும்?" என்றான் கடைசியில். "காஞ்சா கல்லு. நனைஞ்சா பசை. நான் ஜிப்சம் போட்டேன், வைக்கோல் போட்டேன். போன மாசம் வாளி வாளியாக் குடிச்சுதே!"

"சோடியம்," என்றார் ஐலீன். "களியோட துகளை எல்லாம் பிரிச்சு விட்டுடும். பிரிஞ்சது எல்லாம் போய் சின்னச் சின்ன ஓட்டையை அடைச்சுக்கும். அடைச்ச பிறகு தண்ணி போக வழியே கிடையாது. நீங்க ரெண்டு நாள் ஊத்தினது, அதுக்கு நீங்களே கதவைச் சாத்திக் கொடுத்த மாதிரி."

"நாலு மணி நேரம் மட்டும் ஊத்தியிருந்தா?"

"தெரியல. பாஸ் ஆனாலும் ஆகியிருக்கும். அடுத்த வருஷம் வீட்டுக்குள்ள எல்லாம் திரும்பி வந்திருக்கும்."

அதில் ஆறுதல் இருந்ததா என்று வெர்லினால் முடிவு செய்ய முடியவில்லை.

மூன்றரை மணிக்கு ஐலீன் நாற்காலியில் நெளிந்தார். தொண்டையைச் செருமினார். "மிஸ்டர் ஸ்டாங்லண்ட், இங்க வந்து... எங்க போறது?"

வெர்லின் பின்பக்க ஜன்னலைக் காட்டினான். அறுபதடி தூரத்தில் தகரக் கொட்டகை நின்றது. கதவு இருந்த இடத்தில் ஒரு தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

ஐலீன் போய்வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. போகும்போது ஐந்தடி இரண்டங்குலம் இருந்தவர், திரும்பும்போது பாதத்தில் ஒட்டிய களியோடு ஐந்தடி ஆறங்குலம் இருந்தார். அதுவும் வலது பக்கம் மட்டும். இடது ஷூ பாதி வழியில் தங்கிவிட்டது. வாசற்படியில் நின்று, ஒற்றைக் காலுறையிலிருந்து தண்ணீரைப் பிழிந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, காலுறையை நாற்காலி முதுகில் காயப் போட்டார்.

"உங்க மனைவி," என்றார் பிறகு, "இதுல எத்தனை மாசம் இருந்தாங்க?"

"ஒரு வருஷம் மேடம்."

ஐலீன் ஃபைலைத் திறந்தார். அடியிலிருந்து பச்சை நிறத்தில் வேறொரு ஃபாரத்தை உருவினார். "கழிவுநீர்க் குட்டைன்னு ஒண்ணு இருக்கு. கசிய விடற குழாய் கிடையாது. குட்டை வெட்டி அதுல விடணும், வெயில் உறிஞ்சிக்கும். அதுக்குத் தண்ணி கீழ இறங்காத நிலம் வேணும். முதல் சோதனையில ஃபெயிலானவங்களுக்குத்தான் இந்த ஃபாரம்."

வெர்லின் மெல்ல உட்கார்ந்தான்.

"உங்க நிலம் இறங்காததோட நிக்கல. ஏறியே இருக்கு. இந்த மாதிரி நம்பரை நான் பாத்ததே இல்ல."

"இது உங்களுக்குக் காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்! ஜூன் மாசத்துலேர்ந்து நான் அந்தக் குழியோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கேன்!"

"நீங்க வெள்ளை ஃபாரம்தானே போட்டீங்க," என்றார் ஐலீன். "பச்சை கேக்கலையே."

வெர்லின் அப்பா கட்டிய மாட்டுக் குட்டை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக ஒரு சொட்டு கசியாத குட்டை, மழையில் இன்னும் கொஞ்சம் நிரம்பிக்கொண்டிருந்தது. வெர்லின் அதைப் பார்த்தான். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

நாலரைக்கு டவுனுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே ரொண்டா எடுத்தாள்.

"பேனா கையில இருக்கு, வெர்லின். சொல்லு."

"பாஸ். அதாவது, ஃபெயில் ஆகிப் பாஸ்."

"எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கு."

"குழாயை இணைக்கலாம். கையெழுத்துப் போட்டாச்சு. குட்டை வெட்டி அதுல விடறோம்."

"குட்டையா? எங்க?"

வெர்லின் ஐலீன் வரைந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்தான். வீட்டிலிருந்து முந்நூறடி, சரிவின் கீழே, வேலியோடு. விதிப்படி அந்த ஒரு இடம்தான் உண்டு. "சமையலறை ஜன்னல்லேர்ந்து தெரியும்," என்றான். "மலை தெரியுதுன்னு நீ சொன்னியே, அந்தப் பக்கம். மலையும் தெரியும். குட்டைக்குப் பின்னாடி."

 மறுமுனையில், கீழே இரும்புக்கடையில் யாரோ ஆணி எடைபோடும் சத்தம் கேட்டது.

"அமுக்கினா தண்ணி போகுமா?"

"போகும்."

"கதவு இருக்குமா?"

"இருக்கும் ரொண்டா. தாழ்ப்பாளோட."

"சரி. மூடிட்டேன்."

"எதை?"

"பேனாவைடா. இப்பவே கிளம்பி வரேன்."

"வராத! மழை. ரோட்டோட நில்லு. செவ்வாய்க்கிழமை வா. இன்னொரு மழை பேஞ்சா வெள்ளி. அதுக்குள்ள பீங்கானை உள்ள கொண்டுவந்து மாட்டி வெச்சிடறேன்."

போனை வைத்ததும் வெர்லின் நேராக வெளியே போனான். ஆறு மாதத்தில் முதல்முறையாக அவனுக்குச் சீட்டியடிக்கத் தோன்றியது. பீங்கானை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். அது வரவில்லை. கீழே குனிந்து பார்த்தான். இரண்டு நாள் ஆயிரம் கேலன் தண்ணீரில் ஊறி, அதன்மேல் மழையும் பெய்த தரை, அதன் அடிப்பாகத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து தள்ளினான். நின்று இழுத்தான். ஒரு பெரிய முத்தச் சத்தம் வந்தது; பீங்கான் வரவில்லை. பக்கத்தில் கடப்பாரை ஆடாமல் நின்றது.

ஐலீன் ஒற்றை ஷூவோடு படியிறங்கி, சுவரோரம் கிடந்த பழைய பலகைகளைத் தரையில் போட்டு அவற்றின்மேல் ஒவ்வொரு அடியாக வைத்து வந்து சேர்ந்தார். அவரும் ஒரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷமாக இருக்கலாம், பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் பீங்கானின் ஓரத்தில் நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மழை எப்ப ஆரம்பிச்சுது?"

"பதினொண்ணே முக்கால் வாக்குல. ஏன்?"

"அஞ்சு மணி நேரம்." அளவுகோலை இன்னொரு முறை படித்தார். "அஞ்சு இஞ்ச் இறங்கியிருக்கு."

வெர்லின் பீங்கானின் மூடிமேல் உட்கார்ந்தான். வேறு எங்கே உட்கார்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சரளைச் சாலையில் போன வண்டி ஒன்றிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. இவனும் ஒரு விரலைத் தூக்கினான்.